தோசைத்திருப்பியால் திறந்த மடிக்கணினி

2012 ஜூலை 23, திங்கட்கிழமை, மாலை ஆறு மணி இருபது நிமிடத்தில் இந்தப் பயணம் தொடங்கியது. பாளையங்கோட்டையில் எங்கள் விடுதி மொட்டைமாடியில் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். ஹைதராபாத்திலிருந்து சித்தப்பா அழைத்தார். நலம் விசாரிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

"ஏட்டி, நீ எப்பவாவது ரேடியோவக் கழட்டியிருக்கியா?"

"இல்ல சித்தப்பா."

"அயர்ன் பாக்ஸ்?"

"இல்ல."

"டார்ச் லைட்டுல பேட்டரி மாத்தியிருக்கியா?"

"மாத்தியிருக்கேன். தலகீழாப் போட்டுட்டேன்."

மறுமுனையில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு கேட்டது. "அப்ப நீதான்ளா வேணும். நாளைக்கே ரயிலேறு."

காரணத்தை அவர் சொன்ன வரிசையில் சொன்னால் யாருக்கும் விளங்காது. நான் திருத்தி எழுதுகிறேன். சித்தப்பா குஷாய்குடாவில் உள்ள பெரிய மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது பட்டான்செருவில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில், மின்னணுப் பொருள்களுக்குப் பசுமை முத்திரை வழங்கும் குழுவில் உறுப்பினர். அந்த முத்திரைக்கு ஒரு விதி உண்டு. மடிக்கணினியின் பேட்டரியை ஒரு சாதாரணப் பயனாளி, வீட்டில் வழக்கமாக இருக்கும் கருவிகளைக் கொண்டு, சேதமில்லாமல், எளிதாகப் பிரித்தெடுக்க முடிய வேண்டும். பேட்டரியின் ஆயுள் மூன்று நான்கு ஆண்டுகள். அதைக் கழற்ற முடியாவிட்டால், நன்றாக இருக்கும் கணினியும் அதோடு சேர்ந்து குப்பைக்குப் போகும்.

சிக்கல், சாதாரணப் பயனாளி கிடைக்காததுதான். குஷாய்குடாவில் சித்தப்பா தட்டாத கதவு இல்லை. எதிர்வீட்டுக்காரர் ரேடார் பிரிவு. பக்கத்து வீட்டு அம்மாள் பத்தொன்பது ஆண்டுகள் சர்க்யூட் பலகையில் ஈயம் பற்றவைத்தவர். மாடியில் குடியிருக்கும் தம்பதியர் திருமணப் பரிசாக ஒருவருக்கொருவர் மல்டிமீட்டர் கொடுத்துக்கொண்டவர்கள். சித்தியை நிறுத்தலாமென்றால், குழு உறுப்பினரின் மனைவி என்பதால் விதி இடித்தது. "எங்க குடும்பத்துலயே ஒண்ணுந் தெரியாத ஆளு நீ ஒருத்திதான்" என்றார் சித்தப்பா. எம்.ஃபில். பட்டத்துக்குப் பழைய உரையாசிரியர்களைப் படித்துக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு இதைவிட வெளிப்படையான பாராட்டு இதுவரை கிடைத்ததில்லை.

மாநில எல்லையை நான் தாண்டியது அதுவே முதல் முறை. புதன்கிழமை மாலை குஷாய்குடா வீட்டுக்குள் நுழைந்ததும் சித்தி என் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தாள். "இந்தப் பூங்கையை வெச்சுக்கிட்டு என்னத்தட்டி கழட்டப் போற?" என்றாள். இரவு உணவு கோங்கூராப் பச்சடி. நம்மூர்ப் புளிச்சக்கீரைதான், ஆனால் இங்கே அது கீரையாக இல்லாமல் ஒரு கொள்கையாக இருக்கிறது. முதல் கவளத்தில் காது அடைத்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் சித்தப்பா மகள் தீபாவிடம், தண்ணீர் எங்கே என்று தமிழில் கேட்டேன். அவள் புரிந்துகொண்டு, தெலுங்கில் பதில் சொல்லி, இந்தியில் சிரித்தாள்.

வியாழக்கிழமை சித்தப்பாவுடன் இரண்டு பேருந்துகளும் ஒரு பங்கு ஆட்டோவும் மாறிப் பட்டான்செரு சேர்ந்தேன். நகரத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் போவதற்குள், பாளையங்கோட்டையிலிருந்து மதுரைக்குப் போய்க் காலை உணவை முடித்திருக்கலாம். வழியெங்கும் புதிய கண்ணாடிக் கட்டடங்கள். அவற்றின் காலடியில், ரமலான் மாதமாதலால், ஹலீம் அண்டாக்கள். பேருந்து நின்ற இடத்தில் இரண்டு பேர் ஆளுயரக் கட்டைகளால் அண்டாவுக்குள் இடித்துக்கொண்டிருந்தார்கள். கோதுமையும் இறைச்சியும் அடையாளம் இழக்கும்வரை இடிக்க வேண்டுமாம்.

ஆய்வுக்கூடத்தில் பர்வீன் அக்காவைப் பார்த்தேன். அந்த மடிக்கணினியை வடிவமைத்தவர் அவர்தான். வாணியம்பாடிக்காரர், ஆறு ஆண்டுகளாக ஹைதராபாத்தில் வேலை. நோன்பு வைத்திருந்த களைப்பிலும் அவர் கணினியை மேசையில் வைத்த விதம், தொட்டிலில் குழந்தையைக் கிடத்தும் விதமாக இருந்தது. உண்மையிலேயே அழகான பொருள். என் ஆய்வேட்டின் முதல் இயல் அதைவிடத் தடிமன்.

"ரெண்டு வருஷம்மா இதுல" என்றார் அவர் மெதுவாக. "திருகே கிடையாது. எல்லாம் பசை. அதான் இவ்ளோ மெலிசு. முத்திரை கிடைச்சா காலேஜ் ஆர்டருக்கெல்லாம் போகலாம். கிடைக்கலன்னா டிசைனையே தூக்கிடுவாங்க, என்னையும் சேர்த்து. நீ கொஞ்சம் மனசு வெச்சுத் திறம்மா."

மனம் வைத்தால் திறக்குமா என்பது பற்றி விதி எதுவும் சொல்லவில்லை.

குழுவின் தலைவர் ராவ் வெண்தாடியும் வெள்ளைச் சட்டையுமாக இருந்தார். ரெட்டி, காதர் என்று மேலும் இரண்டு உறுப்பினர்கள். சித்தப்பா எனக்கு உறவினர் என்பதால், சோதனை முடியும்வரை அவர் அறைக்கு வெளியே, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் உட்கார வேண்டும், வாய் திறக்கக் கூடாது. இரண்டாவது நிபந்தனைதான் அவரை வருத்தியது.

ஆய்வுக்கூடத்தார் ஒரு தட்டில் பளபளவென்று பன்னிரண்டு கருவிகளை வைத்தார்கள். நான் ஒன்றை எடுக்கக் கை நீட்டினேன். காதர், மகளே என்று உருதுவில் விளித்து, குறுக்கிட்டார்.

"பேட்டி, இது உங்க வீட்ல இருக்கா?"

"இல்லை."

"யார் வீட்லயும் இல்ல. இது நக்கோ, வேணாம்." தட்டு திரும்பிப் போனது.

ஒரு மணி நேரம் ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் தக்கிணி உருதுவிலும் விவாதித்த பிறகு, நான் மறுநாள் ஒரு வீட்டிலிருந்து கருவிகளைக் கொண்டு வர வேண்டும் என்று தீர்மானமாயிற்று.

அன்று மாலை சித்தியிடம் பசையைப் பற்றிச் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

"புது எவர்சில்வர் தட்டுல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்லா, அத எப்படி எடுப்ப?"

"அடுப்புல லேசாக் காட்டி."

"பின்ன? அதே பசதானட்டி. அடுப்புல காட்டுனா அது வெடிச்சிரும்னு உங்க சித்தப்பா குதிப்பாரு. கல்லுப்ப வறுத்துத் துணியில கட்டி ஒத்தடங் குடு. சுளுக்குக்குக் குடுக்க மாதிரி, பதமா. அப்புறந் தோசத்திருப்பிய உள்ள விட்டு நெம்பு."

வெள்ளிக்கிழமை காலை சித்தப்பா முன்னதாகவே போய்விட்டார். கணினியின் பெட்டி முத்திரையை உடைக்கையில் அவர் சாட்சியாக இருக்க வேண்டும். நான் தனியே புறப்பட்டேன். துணிப்பையில் கல்லுப்பு அரைக் கிலோ, பழைய பருத்தித் துணி, இரண்டு கொண்டை ஊசி, ஓர் ஐந்து ரூபாய் நாணயம், நகவெட்டி. தோசைத்திருப்பியின் பிடி மட்டும் பையை மீறி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பட்டான்செருவில் பங்கு ஆட்டோ ஏறினேன். மருந்துத் தொழிற்சாலைகளுக்குக் காலை ஷிஃப்ட் போகிறவர்களோடு மொத்தம் எட்டுப் பேர். எனக்கு ஓட்டுநரின் இருக்கையில் முக்கால் சாண் இடம். மொழி ஒப்பியல் தாளுக்காக நான் தெலுங்கு படித்திருந்தேன். வினையடிகள் பெரும்பாலும் தெரியும்; "வண்டியை நிறுத்துங்கள்" என்று உரிய நேரத்தில் சொல்ல வராது. பின்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அட்லகாடா என்றால் தோசைத்திருப்பி.

"கேன்டீனுக்குப் புதுசா வந்த பொண்ணு போல."

"அட்லகாடாவ வீட்லேர்ந்தே எடுத்துட்டு வந்திருக்கு பாரு. பாவம், எவ்வளவு அக்கறை."

"முதல் நாளே லேட்டு. அந்த மேஸ்திரி கடிச்சு வைப்பான்."

மறுப்பதற்குத் தகுந்த வாக்கியத்தை நான் மனத்துக்குள் அமைத்து, எழுவாயையும் பயனிலையையும் பொருத்தி முடிப்பதற்குள் ஆட்டோ நின்றது. அந்தப் பெண்கள் என் இரு கைகளையும் பிடித்து, காவலரிடம் எனக்காகப் பரிந்து பேசி, ஒரு தொழிற்சாலையின் கேன்டீனுக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிட்டார்கள். மேஸ்திரி என்னைப் பார்த்தார், தோசைத்திருப்பியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். தலைக்கு ஒரு வலைத்தொப்பி கிடைத்தது. எதிரே ஆறடிக் கல்லில் பெசரட்டுகள், அதாவது பச்சைப்பயறுத் தோசைகள், வெந்துகொண்டிருந்தன. கல்லுக்கு அப்பால் நாற்பது பேர் தட்டோடு நின்றார்கள். பசியோடு நிற்கும் நாற்பது பேரிடம் என்னைப் பற்றிய விளக்கத்தைத் தொடங்குவது நாகரிகமாகப் படவில்லை. திருப்பினேன்.

பதினோராவது பெசரட்டில் கைப்பேசி ஒலித்தது.

"எங்கட்டி இருக்க? ராவ் சார் கையக் கட்டிக்கிட்டு நிக்காரு!"

"தோசை சுட்டுக்கிட்டு இருக்கேன், சித்தப்பா."

அவர் மறுபடியும் அதையே கேட்டார். கைப்பேசியை மேஸ்திரியிடம் கொடுத்தேன். இருபத்தெட்டு ஆண்டு அரசுத் தொழிற்சாலைத் தெலுங்கு என் நிலையை அரை நிமிடத்தில் விளக்கிவிட்டது. மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உப்புமா வைத்து மடித்த ஒரு பெசரட்டை என் கையில் கொடுத்தார்; நம்மூரில் உப்புமாவையும் தோசையையும் ஒன்றாகக் கொடுத்தால் சமையலில் ஏதோ தவறு நடந்ததாகக் கொள்வோம், இங்கே அதுதான் சிறப்பு. அந்த வேலை சரிப்படாவிட்டால் இங்கே வந்துவிடு என்று சொல்லி, அடுத்த தெருவரை ஆள் அனுப்பி வைத்தார்.

ஆய்வுக்கூடத்தில் முதல் ஆட்சேபம் ரெட்டியிடமிருந்து வந்தது. தோசைத்திருப்பியில் எண்ணெய் இருந்தது. கழுவித் துடைத்து, "கழுவப்பட்டது" என்று குறிப்பில் எழுதினார்கள். இரண்டாவது ஆட்சேபம் ராவிடமிருந்து. தோசைத்திருப்பி எல்லா வீட்டிலும் உண்டா? மூன்று உறுப்பினர்களின் கைப்பேசிகளும் வெளியே வந்தன. மூவரும் ஒலிபெருக்கியில் வைத்து வீட்டுக்குப் பேசினார்கள்.

ராவின் மனைவி கேட்டார்: "இருக்கு. எதுக்கு? வேலையை விட்டுட்டீங்களா?"

ரெட்டியின் மனைவி சொன்னார்: "இரும்புல இல்ல, மரத்துலதான். நான்ஸ்டிக் வாங்கி அஞ்சு வருஷமாச்சு, உங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியுதா?"

காதரின் மனைவி நோன்புக் களைப்பில் படுத்திருந்தார் போலும். "இருக்கு. கைக்கு? எதுக்குக் கேக்கறீங்க? நோன்பு நேரத்துல தோசையப் பத்திப் பேச நக்கோ" என்று வைத்துவிட்டார்.

இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோசைத்திருப்பி வீட்டுக் கருவியாக ஏற்கப்பட்டது. உப்பு கருவியா என்ற கேள்வி எழுந்தபோது, கண்ணாடிக்கு அப்பாலிருந்து சித்தப்பா வறுப்பதுபோல் சைகை செய்தார். அவரது நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுவிட்டு, உப்பை அனுமதித்தார்கள்.

பத்து மணி நாற்பதுக்குத் தொடங்கினேன். கணினியில் மின்னூட்டம் முழுவதும் வடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் சிவப்பு வாளியில் மணல். உப்பை ஆய்வுக்கூடத்தின் தேநீர் அடுப்பில் வறுத்து, கை தாங்கும் சூட்டில் துணியில் கட்டி, கணினியின் முதுகில் ஒத்தடம் கொடுத்தேன். காதர் எட்டிப் பார்த்து, "என் முட்டிக்கும் இதுதான்" என்றார். ஆறு முறை ஒத்தடம் கொடுத்தபின் ஒரு மூலை இளகியது. நாணயத்தைச் செருகினேன். அது உள்ளே போய்விட்டது. அதை எடுக்கக் கொண்டை ஊசி. கொண்டை ஊசியை எடுக்க இன்னொரு கொண்டை ஊசி. மூடி பிரிந்தபோது மணி பதினொன்றே முக்கால். உள்ளே பேட்டரி, மூன்று கறுப்புப் பட்டைகளாகப் படுத்திருந்தது, அவையும் பசையில். மறுபடியும் உப்பு.

பர்வீன் அக்கா சுவரோரமாக நின்றிருந்தார். நான் நெம்பும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பன்னிரண்டு முப்பத்திரண்டுக்கு மூன்றாவது பட்டையும் வந்தது. சேதம் எதுவும் இல்லை, என் இரு விரல்களைத் தவிர. அறையில் கைதட்டல். பர்வீன் அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். ராவ் ஒரு படிவத்தை நீட்டினார். அச்சடித்த ஒரே வாக்கியம்: இந்தக் கருவியின் பேட்டரியை நான் எளிதாகப் பிரித்தெடுத்தேன். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

பேனாவைத் திறந்தேன். பிறகு மூடினேன்.

"வேறு தாள் கிடைக்குமா?" என்று கேட்டேன்.

மூன்றரைப் பக்கம் தமிழில் எழுதினேன். நடந்ததை நடந்த வரிசையில், எண்ணும் நேரமும் இட்ட குறிப்புகளாக எழுதினேன். ராவ் அதை உறுப்பினர்களுக்குத் தெலுங்கில் மொழிபெயர்க்கச் சொல்ல, சித்தப்பாவை உள்ளே அழைத்தார்கள். பதினான்காம் குறிப்பு வந்ததும் சித்தப்பா சற்றுத் தயங்கினார். அது இது: "இந்த இடத்தில் நான் அழுதேன். கண்ணீர் கணினியின்மேல் விழவில்லை."

ராவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முத்திரை நிறுத்தி வைக்கப்படுகிறது என்றார். நிறுவனத்துக்கு ஆட்சேபம் இருந்தால், அதாவது இந்தப் பயனாளி வழக்கத்துக்கு மீறிய கைத்திறன் குறைவு உடையவர் என்று கருதினால், மறுநாள் நண்பகலுக்குள் எழுதித் தரலாம். பர்வீன் அக்கா என்னைப் பார்க்காமல் கணினியின் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டு வெளியேறினார்.

திரும்பும் வழியில் சித்தப்பா சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். என்மேல் கோபம் என்று நினைத்தேன். லிங்கம்பள்ளி தாண்டியதும் சொன்னார்: "தோசத்திருப்பியச் சாட்சிப் பொருளுன்னு சீல் வெச்சு எடுத்துக்கிட்டானுவ. உங்க சித்திட்ட நீயே சொல்லிரு."

சொன்னேன். அதன்பின் சித்தி பேசியவற்றில் அச்சுக்குத் தகுந்தது எதுவும் இல்லை.

நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்பு வாசலில் மணி அடித்தது. பர்வீன் அக்கா. தோளில் ஒரு பை, கையில் ஒரு தாள். சித்தி அவரை உட்கார வைத்து, பேரீச்சம்பழம் வீட்டில் இல்லையே என்று பதறி, ஒரு தட்டில் சுண்டலையும் வாழைப்பழத்தையும் வைத்தாள். பாங்கு ஒலி கேட்டு, தண்ணீர் குடித்து முடித்தபின் அவர் தாளை என்னிடம் நீட்டினார்.

"எங்க மேனேஜர் எழுதினது. படிச்சிட்டு நீயே சொல்லும்மா. தப்பா எடுத்துக்காத."

அந்த ஆங்கிலத்தின் சாரம்: சோதனைக்கு வந்தவர் இயல்புக்கு மாறாகக் கைவாகு அற்றவர், அதை அவரே ஒப்புக்கொள்கிறார். என் கையெழுத்துக்கும் ஒரு கோடு இருந்தது.

"இது கிடைச்சா இன்னொரு டெஸ்ட் வெப்பாங்க. எனக்கு இன்னொரு சான்ஸ், அவ்ளோதான்."

"ஏட்டி, நீ கைவாகு இல்லாதவதான, போட்டுக்குடேன்" என்றாள் சித்தி அடுக்களையிலிருந்து.

நான் யோசித்தேன். இது அவமதிப்பா என்பதன்று என் கவலை. உண்மையா என்பதுதான்.

"எனக்குத் தெரியாதுக்கா" என்றேன். "மந்தம்னு சொல்லணும்னா யாரோடயாவது ஒப்பிடணும். நீங்க திறக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

அவர் கையில் சுண்டல் அப்படியே நின்றது.

"நானா? நான் திறந்ததில்லயே."

"ஒரு தடவகூடயா?" என்று கேட்டது சித்தப்பா.

"நான் வரைவேன் அங்கிள். ஒட்டறது ஃபேக்டரில. ஒட்டின அப்புறம்…" சுண்டலைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். "ஹவ், ஆமா. யாருமே திறக்கல."

"அப்ப நாளைக்கு நீங்க திறங்க" என்றேன். "அதே சாமான்கள். நான் ஆன நேரத்துல பாதியில திறந்தீங்கன்னா, நான் கைவாகு இல்லாதவள்னு நானே என் கையெழுத்துல எழுதித் தர்றேன்."

அவர் பையைத் திறந்தார். அதில் ஒட்டுப் பிரியாத இன்னொரு கணினி இருந்தது.

மறுநாள், சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, நான் சித்தியின் அடுக்களையில் கல்லுப்பை வறுத்தேன். தோசைத்திருப்பி இல்லாததால், மாடி வீட்டிலிருந்து ஒன்று இரவல் வந்தது. அதோடு மாடி வீட்டுத் தம்பதியும் வந்தார்கள். எதிர்வீட்டு ரேடார் பிரிவும் ஈயம் பற்றவைக்கும் அம்மாளும் செய்தி கேட்டு வந்தார்கள். யாரும் யோசனை சொல்லக் கூடாது என்று நான் நிபந்தனை விதித்தேன். அத்தனை பொறியாளர்கள் வாயை மூடிக்கொண்டு ஒரே அறையில் நின்றது குஷாய்குடா வரலாற்றில் அதுவே முதல் முறை என்று சித்தப்பா பின்னர் சொன்னார்.

பர்வீன் அக்கா தரையில் உட்கார்ந்து முக்காட்டை இறுக்கிக்கொண்டார். முதல் அரை மணியில் நாணயம் உள்ளே போயிற்று. ஒன்பது மணிக்குத் தாம் வரைந்த கோடுகளையே பெயர் சொல்லித் திட்டத் தொடங்கினார். ஒன்பது இருபதுக்கு விரலைச் சுட்டுக்கொண்டார். என் அறிக்கையின் பதினான்காம் குறிப்பில் உள்ள இடத்துக்கு அவர் வந்தபோது, நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாவது பட்டை வந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். மொத்தம் இரண்டு மணி நேரம் ஏழு நிமிடம் ஆகியிருந்தது. என்னைவிடப் பதினைந்து நிமிடம் கூடுதல். குறித்துக்கொண்டேன், சொல்லவில்லை. அவரே எட்டிப் பார்த்துப் படித்தார்.

பிறகு மேனேஜரின் தாளை எடுத்து, கையெழுத்துக்கான கோடு கீழே போகும்படி கவிழ்த்து வைத்து, வெறுமையான பின்பக்கத்தில் கணினியின் முதுகை வரைந்தார். நான்கு மூலைகளிலும் திருகுகளுக்காக நான்கு சிறு வட்டங்கள் போட்டார்.

"ஆன்ட்டி, உங்க வீட்ல மிக்ஸிக்கு, ஃபேனுக்கு எல்லாம் எந்தத் திருப்புளி?"

சித்தி கைப்பிடி உடைந்த ஒன்றைக் கொடுத்தாள். கூடியிருந்த பொறியாளர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுக்குப் போய், ஆளுக்கொரு திருப்புளியுடன் திரும்பி வந்தார்கள். நான் தீபாவின் பள்ளி அளவுகோலை வைத்து ஒவ்வொரு நுனியையும் அளந்து, மில்லிமீட்டரில் வாய்விட்டுப் படித்தேன். பர்வீன் அக்கா வட்டங்களுக்குள் எழுதிக்கொண்டே வந்தார்.